தனி விமானத்தை வாடகைக்கு எடுக்கும் முன்: அனுமதி, விலை, பயனீட்டாளர் உரிமை

மலேசியாவின் கிள்ளானில் மகன் வீட்டுக்கு வந்திருந்த சென்னைப் பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. அவரை ஊருக்கே கொண்டுபோய்ச் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று குடும்பத்தார் முடிவு செய்தபின், ஒரு தரகர் கொடுத்த விலைத்தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினர். நான்காக மடித்திருந்த அந்த ஒற்றைத் தாளில் விமானத்தின் வகை இருந்தது. மொத்தத் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. விமானத்தின் பதிவு எண்ணுக்கான கட்டத்தில் 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதியிருந்தது. விமானத்தை இயக்கப்போகும் நிறுவனத்தின் பெயர் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. பாதித் தொகையை அன்று மாலைக்குள் கட்ட வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

தனி விமானம் என்றாலே பெரும் பணக்காரர்களின் காரியம் என்று நினைத்து நாம் அதன் விதிகளைத் தெரிந்துகொள்வதில்லை. ஆனால் நோயாளியை ஊருக்கு அனுப்பவோ, திருமண விருந்தினரை லங்காவிக்கு அழைத்துச் செல்லவோ, ஒரே நாளில் பினாங்கு போய்த் திரும்பவோ நம்மவர்களும் இன்று இச்சேவையை நாடுகின்றனர். அப்படி நாடுவோருக்கு மலேசியச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன, அதைப் பெற எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, சட்டம் விமானத்தின் அளவையோ ஆடம்பரத்தையோ பார்த்து அதைத் தனி விமானம் என்று வகைப்படுத்துவதில்லை என்பதாகும். பயணத்துக்குக் கட்டணமோ கைம்மாறோ பெறப்படுகிறதா என்பதே கேள்வி. உரிமையாளர் தம் விமானத்தில் தம் குடும்பத்தையோ நண்பர்களையோ இலவசமாக ஏற்றிச் சென்றால் அது தனிப்பட்ட பயணம். அதே விமானத்தில் அதே இருக்கையில் பணம் கொடுத்து ஒருவர் அமர்ந்தால் அது வணிகப் பயணம். இந்த வேறுபாடு உலகம் முழுவதற்கும் பொதுவானது. அனைத்துலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் 6ஆம் இணைப்பு வணிக விமானப் போக்குவரத்துக்கு ஒரு பகுதியையும் வணிகமல்லாத 'பொது விமானப் பயணத்துக்கு' வேறொரு பகுதியையும் ஒதுக்கியிருக்கிறது. விமானிகளின் பணி நேர வரம்பு, பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றில் வணிகப் பயணத்துக்கே கடுமையான விதிகள் பொருந்தும். தனிநபர் விமானி உரிமம் மட்டும் உள்ளவர், ஊதியம் பெற்றுக்கொண்டு பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது.

மலேசியாவில் இவ்வாறு வாடகைக்குப் பறக்கும் நிறுவனத்திடம் இரண்டு ஆவணங்கள் இருக்க வேண்டும். ஒன்று, ஏஓசி எனப்படும் விமான இயக்குநர் சான்றிதழ். விமானம், விமானிகள், பராமரிப்பு, பாதுகாப்பு மேலாண்மை ஆகியவை தகுதியாக உள்ளனவா என்பதை இது காட்டுகிறது. மற்றொன்று, ஏஎஸ்பி எனப்படும் விமானச் சேவை அனுமதி. கால அட்டவணையின்றி வாடகைக்குப் பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்ல இது தேவை. அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனங்களுக்கு ஏஎஸ்எல் என்ற தனி உரிமம் உண்டு. ஏஓசி பாதுகாப்பைச் சார்ந்தது என்றால், ஏஎஸ்பி நிறுவனத்தின் நிதி நிலையையும் உரிமைப் பங்கையும் வணிகத் தகுதியையும் சார்ந்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றும் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

2016 மார்ச் 1 முதல் ஏஎஸ்பி அனுமதியை வழங்கி வந்தது மாவ்கோம் எனப்படும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையம். 2025 ஆகஸ்ட் 1 அன்று அவ்வாணையத்தின் பொறுப்புகள், ஏஓசி சான்றிதழை வழங்கும் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்மிடம் சேர்ந்தன. ஆகவே இப்போது பாதுகாப்பு, வணிக அனுமதி ஆகிய இரண்டுக்கும் கதவு ஒன்றே. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு மாவ்கோமைத் தேடி அலைய வேண்டியதில்லை. அனுமதி பெற்றுள்ள நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கலாம். விலைத்தாளில் உள்ள நிறுவனத்தின் பெயர் அதில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, அனுமதிக் காலம் முடியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

விமானத்தின் வால் பகுதியில் இருக்கும் பதிவு எண்ணும் முக்கியம். மலேசியாவில் பதிவான விமானத்தின் எண் '9எம்' (9M) என்று தொடங்கும். அமெரிக்காவில் பதிவானது 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு வந்தபோது ஷா ஆலம் எல்மினாவில் விழுந்து, தரையிலிருந்த இருவர் உட்பட 10 பேரைப் பலிகொண்ட சிறு ஜெட் விமானம் அமெரிக்கப் பதிவு கொண்டது. அவ்விபத்தின் காரணம் வேறு; அதைப் பதிவோடு முடிச்சுப் போடுவது என் நோக்கமன்று. இங்கே நிற்கும் எல்லா விமானமும் இங்கே பதிவானதல்ல என்பதை மக்கள் அன்று கண்டனர் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். சிகாகோ உடன்படிக்கையின் 7ஆம் பிரிவின்படி, உள்நாட்டின் இரு இடங்களுக்கிடையே வாடகைக்குப் பயணிகளை ஏற்ற வெளிநாட்டு விமானத்துக்கு அனுமதி மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. எனவே சுபாங்கிலிருந்து பினாங்குக்கு ஒரு வெளிநாட்டுப் பதிவு விமானத்தை யாரேனும் வாடகைக்குத் தருவதாகச் சொன்னால், எந்த அனுமதியின் கீழ் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அனுமதி இல்லாத வாடகை ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்கு விமான உரிமையாளரின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஜெட் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் விமானிகளின் சம்பளம், ஆண்டுதோறும் சிமுலேட்டர் எனும் பாவனை இயந்திரத்தில் பயிற்சி, காப்புறுதி, விமானத்தை நிறுத்தும் ஹேங்கர் கொட்டகையின் வாடகை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனைகள் ஆகியவற்றுக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். கணக்கு புரிவதற்காக மட்டும் இந்த நிலையான செலவு ஆண்டுக்கு 40 லட்சம் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஆண்டில் 100 மணி நேரம் பறந்தால் ஒரு மணி நேரத்தின் தலையில் 40,000 ரிங்கிட் விழும். 400 மணி நேரம் பறந்தால் 10,000 ரிங்கிட்டாகக் குறையும். எரிபொருளும் இயந்திரப் பராமரிப்பும் இதற்கு மேல். தாம் மட்டும் பயன்படுத்தி 400 மணி நேரத்தை எட்டும் உரிமையாளர் அரிது. ஆகவே மீதி நேரத்தை விற்றுச் செலவை ஈடுகட்ட நினைப்பது இயல்பு, அதில் தவறும் இல்லை. அதற்கு முறையான வழி, அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்திடம் விமானத்தை மேலாண்மை ஒப்பந்தத்தில் ஒப்படைத்து, அந்நிறுவனத்தின் சான்றிதழின் கீழ் வாடகைக்கு விடுவதாகும். அந்நிறுவனம் கட்டணம் எடுக்கும், கூடுதல் பரிசோதனைகள் வரும், விலை ஏறும். அந்தச் செலவைத் தவிர்க்க, 'எரிபொருளை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள்', 'நண்பர் என்று எழுதிக்கொள்வோம்' என்று சொல்லி நேரடியாகப் பணம் வாங்குவோரும் உண்டு. மலிவு அங்கிருந்துதான் வருகிறது.

அந்த மலிவுக்குள் மறைந்திருப்பது காப்புறுதி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கென எடுத்த காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பயணம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் அந்த வரியைக் காட்டும். முறையான நிறுவனத்தோடு கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் பயணத்துக்கோ 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். மலேசியாவும் இந்தியாவும் அதில் உறுப்பு நாடுகள். விபத்தில் பயணிக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால், ஆளுக்கு 151,880 எஸ்டிஆர் வரை நிரூபிக்கப்பட்ட இழப்புக்கு, தன் மேல் தவறில்லை என்று காட்டி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. எஸ்டிஆர் என்பது அனைத்துலக நாணய நிதியம் மதிப்பிடும் அலகு. இவ்வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ளது. நோயாளி தம் பழைய நோயால் வழியில் இறந்தால் அது விபத்தாகாது என்பதை மருத்துவப் பயணம் செல்வோர் நினைவில் வைக்க வேண்டும்.

இனி விலைத்தாளுக்கு வருவோம். விமானம் வெறுமையாகத் திரும்பும் நேரத்துக்கும் வாடகைக்காரரே பணம் தருகிறார் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. சுபாங்கிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம் என்றால் கணக்கில் 8 மணி நேரம் ஏறும். மணிக்கு 20,000 ரிங்கிட் என்று பேச்சுக்கு வைத்தாலும் 160,000 ரிங்கிட் ஆகிவிடும். தரையிறங்கும் கட்டணம், நிலையத்தில் கையாளும் கட்டணம், விமானிகள் இரவு தங்கும் செலவு, மருத்துவக் குழு, இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதிக்கான செலவு, வரி ஆகியவை விலைக்குள் அடக்கமா, வெளியேயா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டும். வெறுமையாகத் திரும்பும் விமானம் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு. ஆனால் அதை முதலில் எடுத்தவர் நாளை மாற்றினால் உங்கள் பயணமும் மாறிவிடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் அதை நம்பக் கூடாது. தனி விமானம் என்பதால் விசா, குடிநுழைவு, சுங்கப் பரிசோதனை எதுவும் தளர்வதில்லை.

விமான நிறுவனங்களின் பயணச்சீட்டு வாங்கிப் பழகிய நாம், தாமதமானால் பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறோம். வாடகை விமானத்தில் உங்கள் கையிலுள்ள ஒப்பந்தமே முதல் ஆதாரம். விமானம் பழுதானால் மாற்று விமானம் தருவார்களா, எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், முன்பணம் தரகரிடம் இருக்கிறதா அல்லது இயக்கும் நிறுவனத்திடம் சேர்ந்துவிட்டதா என்பன அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பணம் கட்டியபின் சேவை கிடைக்காவிட்டால், சொந்தத் தேவைக்காக எடுத்தவர் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அது 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. உரிமை கோரும் காரணம் எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். நிறுவனத்தின் வணிகத்துக்காக விமானம் எடுத்தவர்களுக்கு இந்த வழி இல்லை. ரசீது, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கிள்ளான் குடும்பத்தார் அன்று மாலை பணம் கட்டவில்லை. பதிவு எண்ணையும் இயக்கும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டபோது, முன்பணம் வந்தபின் சொல்வதாகவே தரகர் திரும்பத் திரும்பப் பதில் சொன்னார். பெரியவரின் நிலை சீராக இருந்ததால் மருத்துவரிடம் மீண்டும் பேசினர். வழக்கமான பயணிகள் விமானத்திலேயே சில இருக்கைகளை மடக்கி அவற்றின் மேல் ஸ்ட்ரெச்சர் பொருத்தும் வசதி சில நிறுவனங்களில் உண்டு. அதற்கு மருத்துவரின் படிவமும் உடன் செல்ல ஒரு தாதியும் தேவைப்பட்டன. செலவு அந்த விலைத்தாளில் இருந்ததில் ஒரு சிறு பங்குதான். நான்கு நாள் கழித்து அவர் சென்னை போய்ச் சேர்ந்தார்.