பிரேக் பிடிக்கவில்லையா, பிடித்துக்கொண்டே வந்தீர்களா?

ஊட்டியிலிருந்து இறங்கி வந்து “பிரேக் ஃபெயிலியருங்க” என்று என் பட்டறையில் நிறுத்தப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எதுவும் ஃபெயில் ஆகியிருக்காது. ஆயில் கசிவு கிடையாது, குழாய் உடையவில்லை, சிலிண்டர் நன்றாக இருக்கும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க் மட்டும் நீலம் பாரித்திருக்கும். அதை இறுக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றினால் அதன் முகம் கருகி வழவழவென்று மின்னும். பிரேக் ஏமாற்றவில்லை. அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தது புது வண்டி. மேலே கேரியரில் மூட்டை, உள்ளே பாட்டியும் குழந்தைகளும். கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைக்குக் கீழே ஒரு வளைவில் பெடல் தரைவரை போயிருக்கிறது. ஓட்டியவர் சமயோசிதமாக மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடியில்லை. “அண்ணா, சர்வீஸ் விட்டு ஒரு மாசங்கூட ஆகலீங்க, கம்பெனி மேல கேஸ் போடலாமுங்களா?” என்று கேட்டார். எந்த கியரில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். “நியூட்ரல்லதானுங்க. எறக்கந்தானே, பெட்ரோல் மிச்சமாகும்ல?”

இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாகாது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். அப்போது கார்புரேட்டர். அப்பா செய்தார், மாமா செய்தார் என்று அந்தப் பழக்கம் இன்றுவரை வருகிறது. இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர்தான் எரிபொருளை அளந்து விடுகிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. எஞ்சின் சுற்ற எரிபொருள் வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு இன்ஜெக்டரை அது அடைத்துவிடுகிறது. அந்த நேரத்துச் செலவு பூஜ்யம். நியூட்ரலுக்குத் தள்ளினால் எஞ்சின் அணைந்துபோகாமல் ஐடிலில் ஓடவேண்டும், அதற்கு எரிபொருள் கொடுத்தாகவேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு கூடுதலாக எரிக்கிறீர்கள். அதோடு வண்டியின் மொத்தப் பாரத்தையும் நாலு சக்கரத்து பிரேக்கின் தலையில் கட்டிவிடுகிறீர்கள். எஞ்சினையே ஆஃப் செய்து இறங்குபவர்களும் உண்டு. மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பிரேக் பூஸ்டர் ஓரிரு மிதியில் காலியாகும், ஸ்டீயரிங் கல்லாகும். அவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

கணக்கு பிடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு வரும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், சுமார் 90 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை யார் வாங்குவது, எஞ்சினா பிரேக்கா என்பதை உங்கள் இடது கைதான் முடிவு செய்கிறது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மலைப்பாதைக்குப் பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் சில இடங்களில் முதலாவது. “எஞ்சின் கத்துதுங்க, கெட்டுப்போயிடாதா?” கெடாது. மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை கத்தட்டும். பிரேக்கை லேசாகத் தடவிக்கொண்டே வருவதுதான் தப்பு. வளைவுக்கு முன்பே அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். டிஸ்க்குக்கு மூச்சுவிட நேரம் வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். கியரைக் கீழேயே பிடித்துவைக்க எல், 2, எஸ், எம் என்று லீவரில் ஏதாவது ஒன்று இருக்கும். அதை எப்படிப் போடுவதென்று வீட்டிலேயே கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். மின்சாரக் கார் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று: ஊட்டியில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோடு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்கு இறக்கத்தில் வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. மோட்டாரே மின்சாரம் தயாரித்துக்கொண்டு வண்டியைப் பிடிக்கும் ரீஜென் குறைந்துபோய் நீங்களும் பிரேக்கை நம்பித்தான் வரவேண்டியிருக்கும். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், கீழே வரும்போது கூடியிருக்கும்.

கியரில்லாத ஸ்கூட்டரில் இருவராக மலையேறி வரும் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். வேகம் குறைந்தால் அதன் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். பிறகு உங்களைப் பிடித்து நிறுத்த எஞ்சின் கிடையாது, சின்ன டிரம் பிரேக்தான். பஸ் இருக்கிறது, மலை ரயில் இருக்கிறது. மேலே போய் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், விபத்தின் விதை கியரில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் உட்கார்ந்து போடும் பயணத் திட்டத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் ஏறும் நாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். இறங்கும் நாளுக்கு யாரும் போடுவதில்லை. காலையில் ரூமைக் காலி செய்து, தொட்டபெட்டா, ரோஜாத் தோட்டம், படகு இல்லம், மூன்று மணிக்குச் சாப்பாடு, சேரிங் கிராஸில் வர்க்கியும் டீத்தூளும் வாங்கி, ஆறு மணிக்கு வண்டியைக் கிளப்பினால் என்ன ஆகும்? மூடுபனி, இருட்டு, முன்னால் நீண்ட வரிசை, திங்கட்கிழமை ஆபீஸ். பின்சீட்டில் குழந்தை வாந்தி. அந்த நேரத்தில் யார் பொறுமையாக இரண்டாவது கியரில் வருவார்கள்?

நிதானமாகச் சுற்ற வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழி ஏறவும் கோத்தகிரி வழி இறங்கவும் என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். கிளம்பும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி குன்னூரில் தங்குங்கள். சிம்ஸ் பார்க், லேம்ப்ஸ் ராக், அதோடு சரி. அடுத்து ஊட்டி. கடைசி ராத்திரியைக் கோத்தகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். கோடநாடு காட்சிமுனையை மதியமே பார்த்துவிட்டு நன்றாகத் தூங்கி, மறுநாள் காலை வெளிச்சத்தில் இறங்கினால் இறக்கத்தில் ஒரு பகுதி ஊட்டியிலிருந்து வரும்போதே கழிந்திருக்கும். கோத்தகிரிப் பாதையில் வளைவு குறைவு என்று வேகம் எடுக்காதீர்கள். நீளமான இறக்கங்களில்தான் பிரேக் அதிகம் காய்கிறது.

நீலகிரிக்கு வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸ் வாங்கிவிடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து நடப்பில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். செவ்வாய், புதன் பார்த்து வந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே தீரும்.

இன்னொன்று, மேப் குறுக்குவழி காட்டுகிறது என்று ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பக்கம் திருப்பாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை இருப்பது சும்மா இல்லை. அதைத் திட்டிப் போலீசாரோடு சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேன் பிடித்து வருபவர்கள் டிரைவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மலை ஓட்டியிருக்கிறீர்களா? அவருக்கு ராத்திரி படுக்க இடம் போட்டிருக்கிறீர்களா என்று உங்களையும் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெந்நீர் வசதியோடு ரூம், அவருக்கு வேன் சீட், ஊட்டிக் குளிர். சென்னையிலிருந்து விடிய விடிய ஓட்டி வந்தவர், மூன்று ராத்திரி சரியாகத் தூங்காதவர்தான் உங்கள் பன்னிரண்டு பேரையும் கீழே இறக்கப்போகிறார். ஒரு கட்டிலுக்குக் காசு கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள், முந்தின நாள் சாயங்காலம் அல்ல. பேடு எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற ரகத்துப் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்ததற்கு அந்த அளவு 155-தான். கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும், அதற்குத்தான் பேரம்.

இறங்கும்போது கருகல் நாற்றம் வந்தாலோ பெடல் பஞ்சாகத் தெரிந்தாலோ “இன்னும் பத்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டாதீர்கள். அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் நில்லுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். ஓடும்போதே பெடல் போய்விட்டால் விட்டு விட்டு மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள், வெடுக்கென்று அல்ல. அதற்கும் நிற்காவிட்டால் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக உரசுங்கள். பெயின்ட் போனால் போகட்டும்.

கீழே வந்து எங்கள் யாரிடமாவது வண்டியை விடும்போது எந்த கியரில் இறங்கினீர்கள் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். “ரெண்டுலதாங்க வந்தேன்” என்று நீங்கள் சொன்னாலும் டிஸ்க்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதுவரை இல்லாத கசிவைத் தேடிக்கொண்டு எங்கள் பையன்கள் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார்கள்.