படங்குக்குள் தேங்கும் தின்னர் ஆவி

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் செம்புழுதி எதையும் விட்டுவைப்பதில்லை. ஏ9 வீதியோரத்துக் கராஜ்களில் ஓட்டோவுக்கோ உழவு இயந்திரத்துக்கோ பெயின்ற் அடிப்பவர்கள், காயாத பூச்சில் தூசி ஒட்டாதிருக்க நாற்புறமும் படங்கை இறக்கிக் கட்டிவிட்டே வேலையைத் தொடங்குவார்கள். வண்டியின் மினுக்கத்தைக் காக்கும் அந்தப் படங்குதான் உள்ளே நிற்பவருக்குக் கேடாகிறது.

பெயின்றை இளக்கச் சேர்க்கும் தின்னர் என்பது பல கரைப்பான்களின் கலவை. அதன் பல வகைகளில் முதன்மையாக இருப்பது தொலுயீன். தொலுயீன் கொதிப்பது 111 பாகை செல்சியசுக்கு அண்மையில் என்றாலும், தகரக் கூரையின் கீழ் திறந்துவைத்த பேணியிலிருந்தே அது விரைவாக ஆவியாகும். ஒரு லீற்றர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 230 லீற்றர் ஆவி உண்டாகும். 3 மீற்றர் அகலமும் 4 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் உயரமும் உள்ள அடைத்த கொட்டிலில் ஒரு மேசைக்கரண்டியளவு, அதாவது 15 மில்லிலீற்றர், ஆவியானாலே பத்து இலட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு என்ற அளவு தாண்டப்பட்டுவிடும். வேலைநேரச் சராசரி அதற்கு மேற்படக்கூடாது என்பது அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பூச்சு வேலையிலோ தின்னர் லீற்றர் கணக்கில் ஊற்றப்படுகிறது.

மூச்சோடு உள்ளே போகும் தொலுயீன் இரத்தத்தில் கலந்து, கொழுப்பில் எளிதில் கரைவதால் மூளையை விரைவில் எட்டுகிறது. தலையிடியும் கிறுகிறுப்பும் அதன் முதல் அடையாளங்கள். பெரும்பகுதியை ஈரல் மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்கு நினைவாற்றல் குன்றலாம். கொம்பிரசரின் இரைச்சலும் சேர்ந்தால் செவிப்புலன் இன்னும் கூடுதலாகப் பாதிக்கப்படும். மூக்கை நம்பியிருப்பதும் ஆபத்து. சிறிது நேரத்தில் அது மணத்துக்குப் பழகிவிடுவதால், மணம் குறைந்ததை ஆவி குறைந்ததாக எண்ணிவிடுகிறோம்.

இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. ஆகவே நிலத்தோடு ஊர்ந்து, வண்டியின் அடிப்பகுதியைத் திருத்த வெட்டிய குழியில் போய்த் தேங்கும். காற்றில் 1.1 வீதம் கலந்தாலே தீப்பற்றப் போதும். தொலைவில் நடக்கும் வெல்டிங்கின் ஒரு பொறி அதை மூட்டிவிடும்.

துணி முகக்கவசம் தூசியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. அதற்குச் செயலூட்டிய கரி அடைத்த வடிகட்டி வேண்டும். படங்கையும் காற்று வரும் பக்கம் மட்டும் இறக்கி, எதிர்ப்பக்கத்தை அடிவரை திறந்துவிட்டால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். வேலை முடிந்ததும் உள்ளங்கையில் தின்னரை ஊற்றி மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும்: தோலின் எண்ணெய்ப்பசை கரைந்து, கை சாம்பல் பூத்ததுபோல் வெளிறி, பின்னர் வெடிக்கும். எஞ்சிய தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னும் கொடியது. தண்ணீரென்று நினைத்துக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, ஏனெனில் மேலெழும் திரவம் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.