குக்கர் மூடியை முட்டித் தள்ளுற 300 கிலோ

சாதாரண குக்கர் ஒண்ணு எடுத்துக்கோங்க. வாய் 20 சென்டிமீட்டர் அகலம்னா பரப்பளவு 314 சதுர சென்டிமீட்டர் வருது. வெயிட் தூக்குற நேரத்துல உள்ள இருக்கிற ஆவி, வெளிக்காத்தை விட சதுர சென்டிமீட்டருக்கு சுமாரா ஒரு கிலோ அதிகமா அழுத்திட்டு இருக்கும். பெருக்கிப் பாருங்க, அந்த மூடியை உள்ளேர்ந்து 300 கிலோவுக்கு மேல முட்டித் தள்ளுது, இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் நாம சாவகாசமா வெங்காயம் நறுக்கிட்டு இருக்கோம்!

எதுக்கு இவ்ளோ அழுத்தம்னா, திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரியத் தாண்டாது, நீங்க அடுப்பை எவ்ளோ பெருசா வெச்சாலும் அந்த கேஸ் எல்லாம் தண்ணிய ஆவியாக்கத்தான் போகுமே தவிர பருப்பு ஒரு டிகிரி கூட அதிகம் சூடாகாது. மேல ஒரு கிலோ அழுத்தம் ஏத்தினா கொதிநிலை 120 டிகிரிக்குப் போயிடும். வெறும் 20 டிகிரிதானேன்னு தோணும், ஆனா சமையல்ல நடக்கிற ரசாயன மாற்றங்கள் பலதும் 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாகும், அப்போ 20 டிகிரிக்கு நாலு மடங்கு. ஊட்டில இது நல்லாவே தெரியும். அங்க காத்தழுத்தம் கம்மி, தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், திறந்து வெச்சா பருப்பு வேகுறதுக்குள்ள பொறுமை போயிரும். அதே ஊட்டில குக்கரை மூடினா உள்ள 116 டிகிரி வரைக்கும் போகும், சென்னைய விட நாலு டிகிரிதான் கம்மி.

இதைக் கண்டுபிடிச்சவரு டெனிஸ் பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1679-ல லண்டன்ல. எலும்பை மெத்துனு ஆக்குறதுக்காக செஞ்ச கனமான உலோகப் பாத்திரம் அது. 1682 ஏப்ரல்ல ராயல் சொசைட்டிங்கிற விஞ்ஞானிகள் சங்கத்துக்காரங்களுக்கு அதுல விருந்தே சமைச்சுப் போட்டாரு, சாப்பிட்ட எழுத்தாளர் ஜான் எவ்லின் தன்னோட டைரில கெட்டியான மாட்டெலும்பு கூட சீஸ் கணக்கா ஆயிடுச்சுன்னு எழுதி வெச்சிருக்காரு. என்னைக் கேட்டா பாப்பினோட பெரிய சாதனை அந்தப் பாத்திரம் இல்ல, அதுக்கு மேல அவர் வெச்ச சேஃப்டி வால்வுதான். ஒரு சின்ன ஓட்டை, அதை மூடி ஒரு எடை. நம்ம குக்கர் வெயிட்டும் அதே ஐடியாதான்.

இப்போ ஒரு கேள்வி வரணும். உள்ள 300 கிலோ தள்ளுது, இந்தத் துக்கடா வெயிட்டு எப்படி அதை அடக்குது? அது 300 கிலோவை அடக்கவே இல்ல, ஓட்டை அளவு அழுத்தத்தைத்தான் அடக்குது. ஓட்டை 3 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம், அதோட பரப்பளவு 0.07 சதுர சென்டிமீட்டர், அப்போ ஒரு கிலோ அழுத்தத்துக்கு 70 கிராம் வெயிட் போதும், முடிஞ்சது கணக்கு. மிச்ச 300 கிலோ மூடியோட பொறுப்பு.

மூடில ரெண்டு ஜாதி இருக்கு. வெளிமூடில பாத்திரத்தோட விளிம்பும் மூடியோட விளிம்பும் திருகினதும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கும், 300 கிலோவும் அந்த மாட்டல் மேலதான் உக்காருது, நடுவுல ரப்பர் கேஸ்கெட். உள்மூடி வேற மாதிரி, எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அதுதான். மூடி வாயை விடப் பெருசு, வாய் லேசா முட்டை வடிவத்துல இருக்கிறதால சாய்ச்சு உள்ள விட்டுத் திருப்பி மேல இழுத்து மாட்டிரலாம். அழுத்தம் ஏற ஏற மூடி விளிம்போட இன்னும் இறுகும், திறக்கணும்னா மூடியைக் கீழ அமுக்கணும், உள்ள அழுத்தம் இருக்கிற வரைக்கும் எந்தப் பயில்வானாலயும் முடியாது. பூட்டும் வேணாம் சாவியும் வேணாம், ஆபத்தே தனக்குத் தானே தாழ்ப்பாள் போட்டுக்குது.

வெளிமூடில அந்த வசதி இல்ல. ஆவி முழுசா அடங்காம பலவந்தமா திருகித் திறந்தா என்ன ஆகும்? அழுத்தம் பத்துல ஒரு பங்கு மிச்சம் இருந்தாலே மூடி மேல 30 கிலோ இருக்கு. முழு அழுத்தத்துல திறந்துடுச்சுன்னு வைங்க, 120 டிகிரில இருக்கிற ரெண்டு லிட்டர் தண்ணில ஒரு 75 கிராம் அந்த நொடியே ஆவியாயிடும், அந்த 75 கிராம் ஆவி 120 லிட்டருக்கு மேல இடம் கேக்கும். கூரை வரைக்கும் சாம்பார் போறது இப்படித்தான்.

ஓட்டைல பருப்பு தோல் அடைச்சு வெயிட்டே தூக்கலைன்னா? அதுக்கு மூடில ஒரு சேஃப்டி வால்வு, நடுவுல சீக்கிரம் உருகுற ஒரு உலோகக் கலவை வெச்சிருப்பாங்க, உள்ள சூடு எகிறினா அது உருகி வழி விட்டுரும். பிரச்னை என்னன்னா இந்த வால்வை மாத்தும்போது கடைல போலி சரக்கு மாட்டிவிட்டாங்க, உருக வேண்டிய நேரத்துல அது உருகல. வட இந்தியாவுல குக்கர்கள் வெடிச்சப்போ பிரெஸ்டீஜ் கம்பெனிய நடத்தின டி.டி. ஜெகந்நாதன், சென்னை ஐஐடில படிச்ச இன்ஜினியர், போலி போட முடியாத இடத்துல பாதுகாப்பை வெச்சாரு. மூடியோட பக்கவாட்டு விளிம்புல நீளமா ஒரு வெட்டு, அவ்ளோதான். அழுத்தம் எல்லை மீறினா கேஸ்கெட் அந்த வெட்டு வழியா வெளிய பிதுங்கும், ஆவி கீழ்ப்பக்கமா போயிடும். உங்க வீட்டு வெளிமூடி குக்கரைத் திருப்பிப் பாருங்க, அந்த வெட்டு அனேகமா இருக்கும். ஒரு ஓட்டை போட்டு உசுரைக் காப்பாத்துறதுன்னா இதான்.

விசில் கணக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். "நாலு விசில் விட்டு இறக்கு"ங்கிறது பருப்போட கணக்கே இல்ல, அடுப்போட கணக்கு. வெயிட் லேசா எழும்பினதும் ஆவி அதோட அடிப்பக்கம் பூரா பரவி சட்டுன்னு தூக்குது, அழுத்தம் கொறஞ்சதும் திரும்ப உக்காருது, பெரிய தீயில இது மூணு நிமிஷத்துல நாலு தடவை நடக்கும், சிம்ல பத்து நிமிஷம் ஆனாலும் ஒண்ணுகூட வராது. ரெண்டுலயும் உள்ள சூடு கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் விசில் வந்ததும் சிம் பண்ணிட்டு நிமிஷத்தை எண்ணினா கேஸும் மிச்சம், தண்ணியும் பொங்கி அடுப்பு நாறாது. ஆனா இதை எங்க வீட்டுலயே யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

இன்னொண்ணு, வெயிட் தொலைஞ்சா வேற கம்பெனி வெயிட்டை மாட்டாதீங்க. 4 மில்லிமீட்டர் ஓட்டைக்குச் செஞ்ச வெயிட் 125 கிராம் இருக்கும்னா, அதை 3 மில்லிமீட்டர் ஓட்டைல வெச்சா அழுத்தம் ஒரு கிலோவுல நிக்காது, ஒண்ணே முக்கால் கிலோ ஆனாதான் தூக்கும். அப்போ அந்த 314 கிலோ 550 ஆயிடும், பாக்க வெயிட் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.