சூடு பண்ணா ஓட்டை சின்னதாகுமா, பெருசாகுமா?

பழைய ரைஸ் மில் எலிவேட்டர்ல டிரைவ் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்குற பல்சக்கரம்) அதோட நடு ஓட்டைக்குள்ள போற ஷாஃப்டோட (சுத்துற தண்டு) துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, சூடு காட்டச் சொல்றாங்க, இரும்பு விரிஞ்சா ஓட்டை இன்னும் இறுகாதான்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். ரொம்ப நல்ல கேள்வி.

செயினைக் கழட்டி, கிரப் ஸ்க்ரூவை (ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்டுல அழுத்திப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ) எடுத்து, கீயையும் (ரெண்டும் சேர்ந்தே சுத்த நடுவுல செருகுற இரும்புத் துண்டு) தட்டி எடுத்துட்டு எண்ணெய் விட்டு ஊற வைக்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும். சிக்கல் என்னன்னா இரும்பு துருவானதும் குறைஞ்சது ரெண்டு மடங்கு இடத்தை அடைச்சுக்கும், அதனால எண்ணெய் இறங்க வேண்டிய சந்தே பல நேரம் மிச்சம் இருக்காது.

இப்ப ஓட்டைக்கு வருவோம். ஸ்ப்ராக்கெட்டை ஒரு வளையமா நினைச்சு, ஒரு இடத்துல வெட்டி நேராக்கிடுங்க, அது வெறும் கம்பி. சூடானா கம்பி நீளும். நீண்ட கம்பியைத் திரும்ப வளைச்சா உள்வட்டமும் பெருசாத்தானே வரும்! மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏத்துறது இதே கணக்குலதான், பட்டாவை நெருப்புல போட்டு விரிய வெச்சு, மரச்சக்கரத்துல மாட்டி, தண்ணி ஊத்துனா கவ்விக்கும்.

ஸ்டீல் ஒரு டிகிரிக்கு 10 லட்சத்துல சுமார் 12 பங்கு விரியும். 40 மிமீ ஷாஃப்ட், அதைவிட ஸ்ப்ராக்கெட் 150 டிகிரி கூடுதல் சூடுன்னா 0.07 மிமீ கிடைக்கும். ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான், ஆனா துருவோட பிடி விட அது போதும். இதுல "அதைவிட"ங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மெதுவா சூடு பண்ணா சூடு ஷாஃப்டுக்கும் ஓடி ரெண்டும் சேர்ந்தே விரிஞ்சிடும், ஒண்ணும் நடக்காது. அதனால முதல்ல புல்லரை (போல்ட்டை முறுக்கி சக்கரத்தை வெளிய இழுக்குற கருவி) மாட்டி நல்லா இறுக்கிட்டு, வழியுற எண்ணெயைத் துடைச்சிட்டு (இல்லன்னா தீப்பிடிக்கும்), நடுக்குடத்தை (ஷாஃப்டைச் சுத்தி இருக்குற தடிச்ச நடுப்பகுதி) சுத்தி கேஸ் டார்ச்சை வேகமா காட்டணும். பல்லுப் பக்கம் வேண்டாம், அதோட கடினம் போயிடும். பக்கத்துல ரப்பர் ஆயில் சீல் இருந்தா ஈரத்துணி சுத்துங்க. அப்புறம் புல்லர் போல்ட் தலையில ஒரு தட்டு.

சம்மட்டியால அடிக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், அந்த அடி முழுக்க பேரிங் குண்டு வழியாத்தான் போகும், ஓடுபாதையில பள்ளம் விழும். துருவை சின்ன விஷயம்னு நினைக்கிறதும் தப்பு. காரைக்குடி செக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்பைப் பத்தியே ஆராய்ச்சி நடக்குது, அந்த மாதிரி வேலைக்கு அரசு இன்னும் தாராளமா பணம் ஒதுக்கணும்.

திரும்ப மாட்டும்போது ஷாஃப்டை எமரி பேப்பர்ல தேய்ச்சு, ஆன்டி சீஸ் பேஸ்ட் (திரும்ப ஒட்டிக்காம தடுக்குற பசை) தடவிட்டு மாட்டுங்க.