ஒரே கோப்பில் 960 போர்ட்: சிஎஸ்வி இம்போர்ட் எப்படி வேலை செய்கிறது?

பத்து மாடி அலுவலகம் ஒன்றுக்குப் புதிதாக நெட்வொர்க் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு இரண்டு சுவிட்ச் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி), ஒவ்வொன்றிலும் 48 போர்ட் (கேபிள் செருகும் துளை), ஆக மொத்தம் 960. ஒவ்வொரு போர்ட்டின் பெயரும், அது சேரும் வீலேன் எண்ணும் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்துக் காட்டும் எண்), அது போய்ச் சேரும் மேசையும் மேலாண்மை மென்பொருளில் ஏற வேண்டும். திரையில் படிவம் படிவமாகத் திறந்து நிரப்பினால், போர்ட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 16 மணி நேரம் ஆகும். எல்லாவற்றையும் ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதி ஒரே தடவையில் ஏற்றும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இது நகலெடுக்கும் வேலை போலத் தெரியும். அப்படி இல்லை. சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துகள். இது எண், இது தேதி, இது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் குறிக்கும் எண்) என்று சொல்லிவைக்க அதில் இடமே கிடையாது. 1970-களிலேயே புழக்கத்தில் இருந்த இந்த வடிவத்துக்கு ஆர்எஃப்சி 4180 என்ற பொது விவரணை எழுதப்பட்டது 2005-இல்தான். கோப்பில் இல்லாமல் போன அர்த்தத்தைக் கட்டம் கட்டமாக மீட்டெடுப்பதுதான் இம்போர்ட் நிரலின் வேலை. மீட்க முடியாத இடத்தில் ஊகிக்காமல், 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த நிரலைத்தான் நான் நம்புவேன்.

முதலில் வரியைத் துண்டாக்க வேண்டும். காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டினால் போதாது. குறிப்பு எழுதும் நெடுவரிசையில் ஒருவர் 'கணக்குப் பிரிவு, ஜன்னலோரம்' என்று எழுதியிருந்தால் ஒரு தகவல் இரண்டாகிவிடும். அதற்கு வலப்பக்கம் உள்ளதெல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். வீலேன் எண் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜன்னலோரம்' வந்து உட்காரும். இதைத் தவிர்க்க அப்படிப்பட்ட தகவலை இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். உள்ளேயே மேற்கோள் வந்தால் அதை இரண்டு முறை போட வேண்டும். மேற்கோளுக்குள் வரி முறிவும் வரலாம் என்பதால், கோப்பில் ஒரு வரி என்பது எப்போதும் ஒரு பதிவு அல்ல.

தலைப்பு வரியில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கும். எக்செல்லில் 'யூடிஎஃப்-8 சிஎஸ்வி' என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் சேர்கிறது. அதை உதறத் தெரியாத நிரல், முதல் நெடுவரிசையின் பெயரையே காணோம் என்று அடம்பிடிக்கும். நமக்கோ பெயர் கண்ணெதிரே இருக்கும். அந்த 3 பைட்டை எடுத்துவிடலாம் என்றால், தமிழில் எழுதிய குறிப்புகள் எக்செல்லில் திறக்கும்போது குப்பை எழுத்துகளாக வரக்கூடும். தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வழக்கம். நிரல்தான் இரண்டு வகைக் கோப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான சேதம் நிகழ்வது கோப்பு நிரலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே. விரிதாள் மென்பொருள்கள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு தரவை மாற்றிவிடுகின்றன. '1/12' என்பது சுவிட்சின் முதல் பகுதியில் பன்னிரண்டாவது போர்ட். எக்செல்லுக்கு அது தேதி. இந்திய அமைப்பில் டிசம்பர் 1, அமெரிக்க அமைப்பில் ஜனவரி 12. தளக் குறியீடு '007' வெறும் 7 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்ஜியமாகும்.

மேக் முகவரியின் கதி இன்னும் மோசம். ஒவ்வொரு கருவிக்கும் உரிய இந்த முகவரி 48 பிட்; பதினாறடிமான முறையில் (0 முதல் 9 வரை இலக்கங்கள், பிறகு ஆங்கில 'ஏ' முதல் 'எஃப்' வரை எழுத்துகள்) எழுதினால் 12 எழுத்து. நடுவில் புள்ளி, கோடு எதுவும் இல்லாமல் ஒரு முகவரியை எடுத்துக்கொள்வோம்: 5254001234 என்று பத்து இலக்கம், அடுத்து ஆங்கில 'இ' எழுத்து, அடுத்து 5. எக்செல் இதை 5254001234 பெருக்கல் பத்தின் ஐந்தாம் அடுக்கு என்று படிக்கிறது. திரையில் காட்டுவது 5.25 பெருக்கல் பத்தின் 14-ஆம் அடுக்கு. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். 12 எழுத்தில் மிஞ்சுவது மூன்று இலக்கம். மீதியை எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மரபணு ஆய்வாளர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. செப்டம்பர், மார்ச் மாதப் பெயர்களை ஒத்த மரபணுக் குறியீடுகள் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல்லில் கொடுத்தது 2023-இல். அது இல்லாத பழைய பதிப்பு என்றால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவு மெனு வழியாக எல்லா நெடுவரிசையையும் 'உரை' என்று குறித்துத் திறப்பதே பாதுகாப்பு.

சரி, கோப்பு சேதமில்லாமல் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு மதிப்பையும் சோதிக்க வேண்டும். வீலேன் எண்ணுக்கு 12 பிட். அதில் இரு முனைகளும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 1 முதல் 4094 வரை செல்லும். இது எளிது. ஐபி முகவரியில் கவனம் அதிகம் தேவை. பட்டியல் நேராகத் தெரியட்டும் என்று 10.20.30.40 என்பதை 010.020.030.040 என்று சிலர் எழுதுவார்கள். பழைய யூனிக்ஸ் வழக்கப்படி பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண், எட்டை அடிமானமாகக் கொண்ட எண். அப்படிப் படிக்கும் நிரலுக்கு இது 8.16.24.32, அதாவது முற்றிலும் வேறொரு முகவரி. பைத்தான் மொழியின் ஐபி நூலகம் 3.9.5 பதிப்பிலிருந்து இப்படி எழுதியதை ஏற்பதில்லை.

அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம்: பெயர்களை உறவுகளாக மாற்றுவது. இதற்கு நெட்பாக்ஸ் நல்ல உதாரணம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் ஜெரமி ஸ்ட்ரெட்ச் உருவாக்கி, 2016-இல் திறமூலமாக வெளிவந்த நெட்வொர்க் பதிவேடு அது. அதில் ஒரு சுவிட்சைச் சேர்க்க வேண்டுமென்றால் அது நிற்கும் தளம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். சுவிட்ச் இருந்தால்தான் போர்ட். போர்ட் இருந்தால்தான் அதற்கு ஐபி முகவரி. கோப்பில் வெறும் பெயராக இருப்பதை நிரல் தரவுத்தளத்தில் தேடி, அந்தப் பதிவின் அடையாள எண்ணோடு இணைக்கிறது. அதனால் கோப்புகளை ஏற்றும் வரிசை முக்கியம்.

வரிசைப்படுத்தவே முடியாத ஓர் இடமும் உண்டு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் 'முதன்மை ஐபி' என்று ஒரு புலம் இருக்கிறது. அந்த ஐபி, சுவிட்சின் ஒரு போர்ட்டோடு இணைந்திருக்க வேண்டும். போர்ட்டோ சுவிட்ச் இருந்தால்தான் பிறக்கும். சுவிட்சுக்கு ஐபி வேண்டும், ஐபிக்குச் சுவிட்ச் வேண்டும். இந்த வளையத்தை உடைக்க ஒரே வழி, இரண்டு சுற்றாகப் போவது. முதல் சுற்றில் முதன்மை ஐபியைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். இரண்டாவது சுற்றில் ஏற்கெனவே உள்ள பதிவுகளின் அடையாள எண்ணைக் கோப்பில் கொடுத்து, அந்த ஒரு புலத்தை மட்டும் நிரப்புகிறோம்.

960 வரியில் 611-ஆவது தவறு என்றால் என்ன செய்வது? முதல் 610-ஐ ஏற்றி நிறுத்தினால், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாத அரைகுறை நிலை. திருத்தி மறுபடி ஏற்றினால் ஏற்கெனவே உள்ளவை இரட்டிப்பாகும் அல்லது மோதும். நெட்பாக்ஸ் ஒரு வரி தவறினாலும் முழுக் கோப்பையும் தள்ளிவிடுகிறது. முதலில் பார்க்கும்போது கறாராகத் தெரியும். எனக்கு இதுவே பயனருக்குச் செய்யும் பெரிய உதவியாகப் படுகிறது.

அது நடக்கும் விதமும் அழகானது. நெட்பாக்ஸின் அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அது எழுதும் ஒவ்வொரு பதிவின் மேலும், எந்தப் பரிவர்த்தனை (மொத்தமாக ஏற்கப்படும் அல்லது மொத்தமாகக் கைவிடப்படும் மாற்றங்களின் தொகுப்பு) எழுதியது என்ற எண்ணைப் பொறித்துவைக்கிறது. அந்தப் பரிவர்த்தனை உறுதியாகும்வரை மற்றவர்கள் கண்ணுக்கு அந்தப் பதிவு தெரியாது. ஒவ்வொரு பரிவர்த்தனையின் நிலையையும் குறித்துவைக்கத் தனிப் பதிவேடு உண்டு. அதில் ஒன்றுக்கு 2 பிட்தான் இடம். இம்போர்ட் தோற்றால் எழுதிய 610 பதிவையும் தேடித் தேடி அழிப்பதில்லை. அந்த 2 பிட்டில் 'கைவிடப்பட்டது' என்று குறித்தால் போதும், அத்தனையும் இல்லாதவை ஆகிவிடும். அவை பிடித்த இடத்தைத் தரவுத்தளம் பின்னால் நிதானமாகத் துப்புரவு செய்துகொள்ளும்.

இந்தக் கறாரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சத்தமில்லாமல் பாதியை விழுங்கும் இம்போர்ட் என்ன செய்யும் என்பதை 2020 அக்டோபரில் இங்கிலாந்து பார்த்தது. ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளின் சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை கணக்கில் சேரவில்லை. 15,841 நோயாளிகள் தினசரி எண்ணிக்கையில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. வந்த வரி எத்தனை, ஏறிய வரி எத்தனை என்று இறுதியில் ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தரவுத்தளத்தில் ஏறியதை அப்புறம் சுவிட்சுகளுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்த 2 பிட் உதவாது. 20 பெட்டியும் தனித்தனி. ஒரு தவறான வீலேன் எண், சுவிட்சை அடையும் வழியையே அடைத்துவிடலாம். திருத்த உள்ளே போகக்கூட முடியாது. ஜூனிப்பர் நெட்வொர்க் கருவிகளிலும், கருவிகளின் அமைப்பைத் தொலைவிலிருந்து மாற்ற உதவும் நெட்கான்ஃப் நெறிமுறையின் ஒரு விருப்ப வசதியாகவும் இதற்கு ஏற்பாடு இருக்கிறது: புதிய அமைப்பைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டுக் கருவி காத்திருக்கும். வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடம். அதற்குள் மறுபடி தொடர்புகொண்டு 'உறுதி' என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். இருபதையும் ஒரே நேரத்தில் தொடாமல் முதலில் ஒரே ஒரு சுவிட்சுக்கு இப்படி அனுப்பி, அந்த மாடியில் ஒரு கணினி சரியான வீலேனில் முகவரி வாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற பத்தொன்பதுக்கும் போக வேண்டும்.