சொகுசுக் கப்பல் பயணம் சொதப்பினால் சட்டப்படி என்ன கேட்கலாம்?

பால்கனி கேபினுக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். போய்ப் பார்த்தால் பால்கனிக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். ஐந்து துறைமுகம் என்றது மூன்றாகச் சுருங்கும். இரண்டாம் நாளே ஏசி படுத்துவிடும். இறங்கியதும் கோபத்தில் நாலு பக்கத்துக்குப் புகார் எழுதுவோம். பதிலுக்கு ஒரு வருத்தக் கடிதமும், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள ஒரு வவுச்சரும் வரும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். சட்டம் அதைவிடக் கூடுதலாகவே இடம் கொடுக்கிறது. ஆனால் எல்லா ஏமாற்றத்துக்கும் இல்லை. எழுத்தில் சொல்லிவிட்டுத் தராமல் போனதற்குத்தான் கேட்க முடியும். அதையும் உரிய நேரத்தில் கேட்டிருக்க வேண்டும்.

எந்த நாட்டுச் சட்டம்?

கப்பலில் பறக்கும் கொடி பஹாமாஸ், பனாமா, மால்டா என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பணத் தகராறு என்று வந்தால், டிக்கெட்டை எங்கே, யாரிடம் வாங்கினீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.

அந்த ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. அமெரிக்காவில் கார்னிவல் என்ற கப்பல் நிறுவனத்துக்கு எதிராக நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி கப்பலில் ஏறினார்கள். நடுவழியில் மனைவி வழுக்கி விழுந்து அடிபட்டார். ஊருக்குத் திரும்பி அங்கேயே வழக்குப் போட்டார்கள். எந்த வழக்கானாலும் ஃப்ளோரிடாவில்தான் நடத்த வேண்டும் என்று டிக்கெட்டில் ஒரு வரி இருந்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த வரி செல்லும் என்று சொல்லிவிட்டது. நாட்டின் ஒரு கோடியில் இருப்பவர் மறு கோடிக்குப் போய் வழக்காட வேண்டும். ஆகவே பணம் கட்டும் முன்பு ஒப்பந்தத்தில் மூன்று இடங்களையாவது தேடிப் படியுங்கள்: வழக்கு எங்கே போட வேண்டும், புகாரை எத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும், வழித்தடத்தை மாற்ற நிறுவனத்துக்கு எவ்வளவு அதிகாரம்.

இந்தியாவில் வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கப்பல் நிறுவனத்துக்கு இங்கே அலுவலகமே இல்லை என்றால் தீர்ப்பு வாங்கினாலும் பணத்தை வசூலிப்பது பெரும்பாடு. டிக்கெட் விற்ற ஏஜென்டையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது அதனால்தான் முக்கியம்.

ஐரோப்பாவில் வாங்கியிருந்தால்

பயணிக்கு அதிகம் கைகொடுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் என்றே சொல்வேன். பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பதற்கென 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின் கீழ்தான் கப்பல் சுற்றுலாவும் வருகிறது. பிரிட்டனிலும் 2018இல் வந்த விதிகள் இதே அடிப்படையில் உள்ளன.

புறப்படும் முன் நிறுவனம் பயணத்தின் முக்கிய அம்சத்தைப் பெரிதாக மாற்றினாலோ, விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலோ, அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். பணம் 14 நாளுக்குள் திரும்ப வர வேண்டும். கிளம்பிய பிறகு ஒப்பந்தத்தில் சொன்னபடி ஏதாவது இல்லை என்றால், முதலில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு நிறுவனத்துடையது. சரிசெய்யவில்லையா, குறை இருந்த காலத்துக்கு விலைக் குறைப்பு கேட்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நஷ்டஈடு வேறு, விலைக் குறைப்பு வேறு. புயல், தொற்றுநோய் மாதிரி யாராலும் தடுக்க முடியாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடைக்காது. விலைக் குறைப்பு அப்படியல்ல. யார் மீது தப்பு என்ற கேள்வியே அதில் வராது, குறை பயணியால் வந்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கோவிட் கட்டுப்பாடுகளால் ஸ்பெயினின் கேனரி தீவில் விடுமுறை கெட்டுப்போன பயணிகள் போட்ட வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. எனவே “வானிலை எங்கள் கையில் இல்லை” என்று நிறுவனம் எழுதினால், “நஷ்டஈடு கேட்கவில்லை, விலைக் குறைப்பு கேட்கிறேன்” என்று பதில் எழுத வேண்டியதுதான்.

கடல் பயணிகள் உரிமை விதி என்று இன்னொன்றும் உண்டு, 2010ஆம் ஆண்டின் 1177ஆம் எண் ஒழுங்குமுறை. தாமதமானால் டிக்கெட் விலையில் 25 அல்லது 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் சந்தோஷப்படுவார்கள். அந்தப் பிரிவு ஃபெர்ரி போன்ற சாதாரணக் கப்பல் பயணிகளுக்கு மட்டும்தான். உல்லாசக் கப்பல் பயணிகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஐரோப்பியத் துறைமுகத்தில் ஏறுபவர்களுக்கு, புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி, தேவைப்பட்டால் தங்குமிடம் போன்ற உதவிகள் உண்டு. இந்த விதியின் கீழ் புகார் தர இரண்டு மாதம் அவகாசம். நிறுவனம் ஒரு மாதத்துக்குள் புகாரின் நிலையைச் சொல்ல வேண்டும், இரண்டு மாதத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும்.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறினால்

50 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் தங்கும் கப்பல்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்தின் விதிகள் உண்டு. பயணம் நடக்காமல் போனால் பயணிகளின் பணத்தைத் திருப்பித் தரும் வசதி இருக்கிறது என்று நிறுவனம் முன்கூட்டியே உத்தரவாதம் காட்ட வேண்டும். 2022இல் இந்த விதி தெளிவாக்கப்பட்டது: பயணம் ரத்தானாலோ, மூன்று நாள் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போய், மாற்றுப் பயணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலோ, பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

சாப்பாடு சரியில்லை, கேபின் நாறுகிறது என்பதெல்லாம் இந்த ஆணையத்தின் அதிகாரத்தில் வராது. சமரசம் பேச உதவுவார்கள், உத்தரவு போட மாட்டார்கள். 2013இல் கப்பல் நிறுவனங்களின் சங்கம் ‘பயணிகள் உரிமைப் பட்டியல்’ ஒன்றை வெளியிட்டது. எந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுப் பணம், பாதியில் முடிந்தால் ஒரு பகுதி என்று அதில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் சட்டம் மாதிரித் தெரியும். உண்மையில் அது உறுப்பு நிறுவனங்கள் தாங்களாகக் கொடுத்த வாக்குறுதி.

கப்பலின் சுத்தம் பற்றிய சந்தேகத்தை முன்பதிவுக்கு முன்பே தீர்த்துக்கொள்ளலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களைச் சோதித்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. 86க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

புகாரைக் கப்பலிலேயே கொடுங்கள்

எந்த நாட்டுச் சட்டமானாலும் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். பிரச்சினையைச் சரிசெய்ய நிறுவனத்துக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய விதியிலோ இது பயணியின் கடமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏழு இரவு பல்லைக் கடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து மின்னஞ்சல் எழுதினால் “எங்களிடம் சொல்லியிருந்தால் கேபின் மாற்றித் தந்திருப்போமே” என்பார்கள். அதற்குப் பதில் இருக்காது.

வரவேற்பு கவுண்ட்டருக்குப் போங்கள். வாயால் சொல்வதோடு நிற்க வேண்டாம். “ஏசி மோசம், தாங்க முடியவில்லை” என்று எழுதுவதால் பயனில்லை. “கேபின் 7214. 14ஆம் தேதி இரவு 11 மணியிலிருந்து ஏசி ஓடவில்லை. 11.20க்குத் தொலைபேசியில் சொன்னேன். 15ஆம் தேதி காலை 9 மணி வரை யாரும் வரவில்லை. வேறு கேபின் தரவும்” என்று எழுதுங்கள். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால், கவுண்ட்டரில் நின்றபடியே அதை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். வெப்பமானியின் படம், சத்தம் என்றால் ஒலிப்பதிவு, தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரல் தாள், இவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது காட்டிய விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டி தொலைந்தால் அல்லது சேதமானால் கெடு இன்னும் குறுகியது. கடல் பயணிகளையும் அவர்கள் உடைமைகளையும் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், கேபினில் வைத்திருந்த பையின் சேதம் வெளிப்படையாகத் தெரிந்தால் இறங்கும் முன்போ இறங்கும்போதோ எழுதித் தர வேண்டும். வெளியே தெரியாத சேதம், தொலைந்துபோன பெட்டி என்றால் 15 நாள். நகை, ரொக்கம் போன்றவற்றைக் கப்பல் பொறுப்பில் ஒப்படைத்திருந்தால் ஒழிய ஈடு கிடையாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சுமார் 59,000 பவுண்டு கட்டி உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு தம்பதியின் வழக்கு 2010இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கடல் கொந்தளித்தபோது கப்பலின் உலோகத் தகடுகள் வளைந்து எழுப்பிய சத்தத்தில் அவர்களால் தூங்கவே முடியவில்லை, பாதியிலேயே இறங்கிவிட்டார்கள். நிறுவனத்தின் மீது குறை உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கீழ் நீதிமன்றம் கொடுத்த 22,000 பவுண்டை மேல்நீதிமன்றம் 12,000 ஆகக் குறைத்தது. மன உளைச்சலுக்குப் பணம் உண்டு, ஆனால் அதற்கு ஒரு வரம்பும் உண்டு என்பதுதான் அங்கே வெளிப்பட்ட பார்வை.

அதனால் கேட்கும் தொகைக்குக் கணக்குக் காட்டுங்கள். மொத்த விலையை இரவுகளால் வகுத்து, குறை இருந்த இரவுகளுக்கு இத்தனை சதவீதம் என்று கேட்டால் எதிர்த்தரப்பு பேச்சுக்கு வரும். “என் தேனிலவே நாசமாகிவிட்டது, முழுப் பணமும் வேண்டும்” என்று கேட்டால் மறுபடியும் அந்த வருத்தக் கடிதம்தான் வரும்.

அப்புறம், அந்த வவுச்சர். அதை ஏற்பதாகச் சொல்லும் முன், கீழே “இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன” என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். ரொக்கமாகத்தான் வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், தராத சேவைக்கான பணத்தைத் திரும்பப் பெற வங்கியிடமும் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கெடு உண்டு. நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தால் அது தாண்டிவிடும். எனவே இறங்கிய வாரமே வங்கியைக் கேட்டு அந்தக் கடைசித் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.