விமானப் பேச்சுக்குள் எஃப்எம் பாட்டு: ஸ்கேனருக்கான பணத்தை எங்கே செலவிடுவது?

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பல அதிர்வெண்களை மாறி மாறித் தேடி அங்கே நடக்கும் பேச்சைக் கேட்கவைக்கும் கைக்கடக்கமான ரேடியோ ஸ்கேனர் ஒன்றையும், அதற்கென்று கடைக்காரர் விற்றிருந்த, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தம்பி, நான் காசு குடுத்தது பிளேன் கதைக்கிறதைக் கேக்க, இதில வாறது பாட்டு" என்றார். அடுத்து எண்ணூறு டாலருக்கு மேற்பட்ட டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்றை வாங்கச் சொல்லி அதே கடையில் எழுதிக் கொடுத்த சீட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது. வானொலிக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் இத்தகைய சீட்டுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை, நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறொன்றுக்கு எழுதப்பட்டவை.

டொராண்டோவின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். 553 மீட்டர் உயரமுள்ள சிஎன் கோபுரத்தின் உச்சியிலிருந்து பல எஃப்எம் நிலையங்கள் பல்லாயிரம் வாட் வலுவுடன் ஒலிபரப்புகின்றன. விமானத்திலுள்ள ரேடியோவின் வலுவோ சில பத்து வாட்டைத் தாண்டுவதில்லை. எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. விமானிகளின் பேச்சு 118இல் தொடங்குகிறது. இந்தச் சிறிய இடைவெளிக்குள் முன்னதைத் தடுத்துப் பின்னதை விடுவதற்கு ஸ்கேனரின் வாசலிலேயே நல்ல வடிகட்டி வேண்டும். விலை குறைந்த கருவிகளில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவது இந்த வடிகட்டியில்தான், ஏனென்றால் அது வெளியே தெரியாது.

கோளாறு இருக்கும் இடத்தில்தான் அதைச் சோதிக்க வேண்டும் என்பதால் அவருடைய பால்கனிக்கே போனேன். பியர்சன் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் 118.7இல் ஸ்கேனரை நிறுத்தியதும், விமானியின் குரலுக்கு அடியில் கரகரத்த பாட்டு ஒன்று ஓடியது. 120.1இல் யாரும் பேசாதபோதும் ஸ்கேன் நின்று நின்று இரைந்தது. பூஸ்டரைக் கழற்றியதும் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது. பின்னர் ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவே, எப்போதும் என் பையில் கிடக்கும் 20 டெசிபல் குறைப்பானைத் திருகினேன். டெசிபல் என்பது சிக்னல் வலுவின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு; இந்தக் குறைப்பான் உள்ளே வரும் வலுவை நூறில் ஒரு பங்காக்கும். 120.1 முற்றிலும் அமைதியாயிற்று. ஆனால் 118.7இல் விமானியின் குரலும் பாட்டும் ஒரே அளவில் தாழ்ந்தனவேயொழிய, பாட்டு விலகவில்லை.

அங்கே இருந்தவை இரண்டு கோளாறுகள். முதலாவது கலப்பு: 107.1, 94.1 ஆகிய இரண்டு வலுவான நிலையங்கள் கருவியின் முன்பகுதியைத் திணறடிக்கும்போது, 107.1இன் இரு மடங்கிலிருந்து 94.1ஐக் கழித்தால் வரும் 120.1இல், காற்றில் இல்லாத ஒரு சிக்னலைக் கருவி தானே உண்டாக்கிக்கொள்கிறது. உள்ளே வருவதை 20 டெசிபல் குறைத்தால் இந்தக் கலப்பு 60 டெசிபல் குறையும். அதனால்தான் அது சட்டென்று மறைந்தது. பூஸ்டர் இதே கணக்கைத் தலைகீழாகச் செய்கிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இரண்டாவது பிம்பம்: பிடித்த சிக்னலைக் கருவி தன்னுள்ளே மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்ணான இடைநிலை அதிர்வெண் 10.7 மெகாஹெர்ட்ஸாக உள்ள கருவியில், கேட்கும் இடத்திலிருந்து 21.4 தள்ளியிருக்கும் சிக்னலும் உள்ளே நுழைந்துவிடலாம். 118.7இலிருந்து 21.4ஐக் கழித்தால் 97.3, அங்கே ஒரு பாட்டு நிலையம் இருக்கிறது. இதைக் குறைப்பானால் தீர்க்க முடியாது, வாசலில் வடிகட்டித்தான் தீர்க்க வேண்டும்.

எஃப்எம் அலைவரிசையை மட்டும் அடைக்கும் சிறு வடிகட்டி ஒன்றை மாட்டினேன். கலப்பு, பிம்பம் இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதால் இரண்டும் போயின. அதன் விலை, அந்த டிஜிட்டல் ஸ்கேனரின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறை.

அதையும் வாங்க விரும்பாதவர்கள் ஐம்பத்தொரு சென்டிமீட்டர் கோஆக்ஸ் கேபிளை (ஆன்டெனாவுக்குப் பயன்படும் உருண்டைக் கேபிள்) ஆன்டெனா வழியில் டி வடிவ இணைப்பில் மாட்டி, மறுமுனையைத் திறந்தபடியே விட்டுப் பார்க்கலாம். சாதாரண ஆர்ஜி-58 கேபிளில் அது 97.3க்குக் கால் அலை நீளம். அந்த நிலையத்தை ஏறக்குறைய குறுக்குச் சுற்றாக்கிவிடும். ஆனால் 118.7இலும் சுமார் 5 டெசிபல் இழப்பு ஏற்படும் என்பதால், நன்றாகக் கேட்கும் இடத்தில் மட்டுமே இந்தச் சிக்கனம் கட்டுபடியாகும்.

அப்படியென்றால் அந்த எண்ணூறு டாலர் எதற்கு? ஒரே சிக்னலைப் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் அனுப்ப, அவை நூலிழை நேர வேறுபாட்டுடன் வந்து ஒன்றையொன்று சிதைக்கும் டிஜிட்டல் அமைப்புகளுக்கு. 2018இல் வெளிவந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 போன்றவை அந்தச் சிக்கலுக்கென்றே செய்யப்பட்டவை, அந்த வேலைக்கு அந்த விலை தகும். விமானிகளின் பேச்சோ இன்றும் பழைய ஏஎம் முறையில்தான் நடக்கிறது. மறைகுறியாக்கம் செய்யப்பட்ட டொராண்டோ காவல்துறைப் பேச்சு எந்த விலைக் கருவியிலும் திறக்காது. திறக்க முயல்வதும் கனடாவில் சட்டப்படி குற்றம்.

கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் ரேடியோவான மலிவான எஸ்டிஆர் கருவி வைத்திருக்கும் இளைஞர்கள், திரையிலேயே வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை சிக்னலை 8 பிட் எண்களாக மட்டுமே மாற்றுபவை. வலுவான சிக்னலுக்கும் மெல்லிய சிக்னலுக்கும் இடையே ஏறக்குறைய 50 டெசிபல் வேறுபாட்டைத்தான் அவற்றால் தாங்க முடியும். வாசலில் வெள்ளம் புகுந்து எண்களாக மாறிய பின்பு மென்பொருள் வடிகட்டியைப் போடுவது, மடை உடைந்து வயல் மூழ்கிய பிறகு வாய்க்காலுக்குக் கதவு வைப்பதுதான். எஃப்எம் தடுப்பு வடிகட்டியுடன் சேர்த்து வாங்கினால் இதே மலிவுக் கருவி விமானப் பேச்சுக்கு மிக நல்ல பேரம்.

வாங்குபவர்களிடம் நான் சொல்வது, பெட்டியின்மேல் அச்சிட்ட மைக்ரோவோல்ட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பதே. அது மெல்லிய சிக்னலை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிறது. வேண்டாததை எத்தனை டெசிபல் தள்ளும் என்று சொல்வதில்லை. இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் பதில் வராது. திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் வாங்கி, வீட்டுப் பால்கனியில் ஒரு வாரம் சோதிப்பது அதைவிட நம்பகமானது.

பூஸ்டர் முற்றிலும் வீண் பொருளன்று. கூரையிலிருந்து முப்பது மீட்டர் கேபிள் இறங்கும் வீட்டில், வடிகட்டிக்கு அடுத்தபடியாக ஆன்டெனாவின் அருகிலேயே அதை வைத்தால் கேபிள் விழுங்குவதை ஈடுசெய்யும். பெரியவரின் கேபிள் இரண்டு மீட்டர்தான். அவருடைய பூஸ்டர் என் இழுப்பறையில் கிடக்கிறது, கேட்டு வரவில்லை.